மூணு இன்ச்

எங்கள் வீட்டு வாசல் சுவரில் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. பெயின்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் போட்டுவிட்டுப் போன கோடு. டேப் வைத்து அளந்தேன், தரையிலிருந்து 24 இன்ச். அந்தத் தண்ணீரில் ரெண்டு ராத்திரி நின்றது அப்பாவின் பிக்கப் வண்டி.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பெரிய ஏரி இருக்கிறது. அதை ஒட்டிய தாழ்வான இடங்களில் எல்லாம் வீடுகள் வந்துவிட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று. 2015-ல் தண்ணீர் வந்தது, 2021-ல் வந்தது, 2023-ல் வந்தது. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் "தண்ணி வருமா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எவ்ளோ வரும்?" என்றுதான் கேட்பார்கள்.

அப்பா ராத்திரி ஒரு மணிக்கு கோயம்பேடு கிளம்புவார். விடிவதற்குள் காய்கறி ஏற்றிக்கொண்டு வந்து திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை பக்கத்துக் கடைகளுக்கு இறக்குவார். வண்டி நின்றால் அன்றைக்கு வருமானமும் நின்றது. இ.எம்.ஐ. மட்டும் நிற்காது. என் காலேஜ் ஃபீஸும் நிற்காது. மிக்ஜாமுக்கு அப்புறம் வண்டி 12 நாள் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. பில் 40,250 ரூபாய்.

அந்த மாதம்தான் பெரியப்பா பையன் ஒரு ரீல்ஸ் காட்டினான். ஏதோ ஒரு நாட்டில், வானத்தைத் தொடுகிற மாதிரி தூக்கி நிறுத்திய ஒரு பிக்கப், ஆற்றுக்குள் இறங்கி ஏறிப் போகிறது. "பாடி லிஃப்ட்டுனு பேரு. நம்ம வண்டிக்கும் போட்டுட்டா ஏரியே ரோட்டுக்கு வந்தாலும் போயிட்டே இருக்கலாம்" என்றான்.

பாடி லிஃப்ட் என்றால் என்ன? நம்ம ரோட்டில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலும் கீழே ஏணி மாதிரி ஒரு சேஸிஸ் இருக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் அதோடு சேர்ந்தவை. கேபினும், சரக்கு ஏற்றுகிற தொட்டியும் அந்தச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் போல்ட்களைக் கழற்றி, கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒன்றிலிருந்து மூன்று இன்ச் வரைக்கும் உயரமான வில்லைகளைச் செருகி, நீளமான போல்ட்டால் மறுபடி முறுக்கினால் அதுதான் பாடி லிஃப்ட். சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம், அதனால் செலவும் குறைவு. கேட்கும்போது எவ்வளவு சுலபம்!

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். சும்மா இருப்பேனா? சாலிட்வொர்க்ஸில் வண்டியின் அடிப்பாகத்தை வரைந்தேன். வில்லைக்கு அலுமினியமா நைலானா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஸ்டீயரிங் ராடு எட்டாமல் போகும், அதற்கு ஒரு இணைப்பு. கியர் லீவர் கீழே போகும், அதை நீட்டணும். டீசல் ஊற்றுகிற குழாய், ஒயரிங், பிரேக் லைன் எல்லாவற்றிலும் இழுப்பு வருகிறதா என்று பார்க்கணும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் விலை கேட்டேன். வில்லை, போல்ட், வேலை எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் என்றார்கள்.

எங்கள் ஊர் பூசலார் நாயனார் ஊர். கையில் காசில்லாமல், மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, சிவனுக்குக் கோயில் கட்டியவர். அவர் நினைவாக இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் இருக்கிறது. நானும் அந்த ஊர்ப் பிள்ளைதானே. மனசுக்குள்ளேயே வண்டியைத் தூக்கி, மழையில் ஓட்டி, அப்பாவை நனையாமல் கோயம்பேடு வரை அனுப்பியும் விட்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது விஷயத்தை வீட்டில் போட்டு உடைத்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். அம்மா சீட்டுப் பணம் 25,000 வந்திருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அப்பா சொன்னார்: "நீதானம்மா இன்ஜினியரிங் படிக்கிற. போடலாம்னு நீ சொன்னா போட்டுடலாம்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை நான் போட்ட கணக்கு எதுவும் தப்பானால் மார்க்தான் போகும். வீட்டில் யாரும் என்னை நம்பிப் பணத்தை எடுத்து வைத்ததில்லை.

மறுநாள் பழைய பில்லை எடுத்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், மறந்துபோனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பில்லில் இருந்தது இதுதான்: ஸ்டார்ட்டர் மோட்டார் 4,500. துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட கிளட்ச் 9,000. வீல் பேரிங், பிரேக் வேலை 7,500. டிஃபரன்ஷியல் 14,000. ஆயில் எல்லாம் மாற்ற 3,400. தரை மேட், சீட் 1,850.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது தரையிலிருந்து எத்தனை இன்ச்சில் இருக்கிறது என்று அளந்து எழுதினேன். அச்சின் நடு உயரம் டயர் விட்டத்தில் பாதி, எங்கள் வண்டிக்குக் கிட்டத்தட்ட 13 அல்லது 14 இன்ச். டிஃபரன்ஷியல், வீல் பேரிங், பிரேக் டிரம் எல்லாம் அந்த மட்டத்தைச் சுற்றித்தான். ஸ்டார்ட்டரும் கிளட்ச்சும் இன்ஜினோடும் கியர்பாக்ஸோடும் சேர்ந்தவை. கேபின் தரை 23 இன்ச்.

இப்போது கேள்வி: மூணு இன்ச் வில்லை போட்டால் இதில் எது எது மேலே ஏறும்?

கேபின் தரை மட்டும்தான்! அது 26 இன்ச் ஆகும். 24 இன்ச் தண்ணீரில் தப்பிக்கும். மற்ற எல்லாம் சேஸிஸோடு, அச்சோடு, பழைய இடத்திலேயே முழுகிக் கிடக்கும். அதாவது 22,000 ரூபாய் செலவு செய்து நான் காப்பாற்றப் போவது 1,850 ரூபாய் மேட்டையும் சீட்டையும். 40,250-ல் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை.

மெக்கானிக் அண்ணனிடம் போய்க் கேட்டேன். சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். "பாப்பா, உங்க வண்டி ஹவுசிங்ல ஆயில் எப்டி இருந்துச்சு தெரியுமா? டீக்கடை காபி கலர்ல இருந்துச்சு" என்றார். அச்சுப் பெட்டிக்கு மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூக்கு இருக்கும். ஓடும்போது சூட்டில் விரிகிற காற்று அது வழியாக வெளியே போகும், குளிரும்போது உள்ளே வரும். சூடான வண்டி தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கி மூச்சை இழுக்கும். மூக்கு தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். ரெண்டு நாள் ஊறினால் சீல் வழியாகவும் கசியும். ஆயிலும் தண்ணீரும் கலந்த காபியில் பேரிங் எத்தனை நாள் சுற்றும்?

"நல்லவேளை உங்கப்பா தண்ணி வடிஞ்சதும் சாவியப் போடல. நேரா எனக்குத்தான் போன் பண்ணாரு" என்றும் சொன்னார். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கதை வேறு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் விட்டுக்கொடுக்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் படித்தால் மறந்துபோகும், ஷெட்டில் வளைந்த ராடைக் கையில் கொடுத்தால் மறக்காது.

அப்படியானால் பாடி லிஃப்ட் எதற்குத்தான் கண்டுபிடித்தார்கள்? பெரிய டயர் போடத்தான். பெரிய டயர் போட்டால் அது மட்கார்டில் இடிக்கும், அந்த இடைவெளிக்காகப் பாடியைத் தூக்குகிறார்கள். அச்சை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடுவதில் பாதிதான். ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் பனியில் ஓட ஹைலக்ஸ் பிக்கப்களுக்கு 38 இன்ச் டயர் போடுகிறது. எங்கள் வண்டி டயர் 28 இன்ச்கூட இல்லை. டயரை மாற்றினால் கியர் விகிதம், பிரேக், ஸ்பீடோமீட்டர் எல்லாம் மாறும். தக்காளி வண்டிக்கு இதெல்லாம் தேவையா?

சரி, பில் ஒரு பக்கம் இருக்கட்டும், ஓட்டும்போதாவது உபயோகமா என்று பார்த்தேன். ஒரு எளிய கணக்கு. சரக்கோடு மொத்தம் 3 டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் கேபின், தொட்டி, சரக்கு எல்லாம் சேர்ந்து 2 டன். இந்த 2 டன் 7.5 சென்டிமீட்டர் ஏறினால் மொத்த வண்டியின் புவியீர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர் ஏறும். மையம் 90 சென்டிமீட்டரில் இருந்தது, சக்கரங்களுக்கு நடுவில் அகலம் 140 சென்டிமீட்டர் என்றால், பாதி அகலத்தை உயரத்தால் வகுக்க வேண்டும்: 70/90, அதாவது 0.78. லிஃப்ட் போட்டால் 70/95, அதாவது 0.74. வளைவில் கவிழாமல் தாங்கும் தெம்பு ஐந்து சதவீதம் குறைகிறது. சின்ன எண்தான். ஆனால் ராத்திரி மூணு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், மூணு அடுக்குத் தக்காளியோடு திரும்பும்போது எந்த அப்பாவிடமிருந்தும் ஐந்து சதவீதத்தைக் கழிக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, தைரியம். உயரமாக உட்கார்ந்தால் தண்ணீர் குறைவாகத் தெரியும். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார்களை மிதக்க வைத்துவிடும், ரெண்டு அடி இருந்தால் பிக்கப் வரைக்கும் இழுத்துப் போகும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. ரீல்ஸில் கரையேறிய வண்டியைத்தான் காட்டுவார்கள். அடித்துக்கொண்டு போன வண்டிக்கு ரீல்ஸ் எடுக்க ஆள் இருக்காது.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்களுடையது மஞ்சள் போர்டு வண்டி. எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷாவருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வில்லையைக் கழற்றி மாட்டுவதா? விபத்து என்று ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது எங்கே?

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குள் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாடல் வரைந்த கை இல்லையா! அந்த ஆசையை முடித்து வைத்தது எந்தப் பிரிவும் இல்லை, ரெண்டு வரிசை செங்கல்.

செங்கல்லைப் படுக்கப் போட்டால் உயரம் மூணு இன்ச். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் கடைகளுக்குப் போக வேண்டிய உருளைக்கிழங்கு 20 கிரேட் வண்டியில் இருந்தது. பின் சக்கரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன் மேல் ரிவர்ஸில் ஏற்றச் சொன்னேன். தொட்டியின் தரை 34 இன்ச்சிலிருந்து 37 ஆனது. "லிஃப்ட் போட்டா இப்டித்தான்பா இருக்கும். எறக்கிப் பாருங்க" என்றேன்.

பேப்பரில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 25 கிலோ கிரேட்டை 7.5 சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்க 18 ஜூல் சொச்சம். ஒன்றுமே இல்லை. ஒரு வாய்க் கடலைமிட்டாயில் அந்த நாள் முழுக்கத் தேவையான ஜூல் வந்துவிடும்.

அப்பா முதல் அடுக்கை இறக்கினார். ரெண்டாவதும் பரவாயில்லை. மூணாவது அடுக்குக் கிரேட்டின் பிடி, செங்கல் இல்லாதபோதே 66 இன்ச். அப்பா 64 இன்ச். எப்போதும் கையைத் தலைக்கு மேல் நீட்டித்தான் இறக்குவாராம், எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். இப்போது அது 69 இன்ச். குதிகாலைத் தூக்கினார். எட்டியது, ஆனால் பிடி கிடைக்கவில்லை. டயர் மேல் ஒரு காலை வைத்து ஏறி, கிரேட்டை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு இறங்கினார். ரெண்டாவது கிரேட்டும் அப்படியே. நாலாவதுக்கு அப்புறம் ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றார். அவர் சட்டைக்குள் பெல்ட் போட்டிருப்பது சட்டை தூக்கியபோது தெரிந்தது. எத்தனை வருஷமாகப் போடுகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி தேடினேன். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கான நியோஷ் அமைப்பு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாம் சரியாக அமைந்த இடத்தில்கூட ஒருவர் தூக்க அது சொல்கிற உச்ச எடை 23 கிலோ. கை 75 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தால்தான் அந்த 23 கிலோவும். கை அங்கிருந்து மேலே போகப் போக எடை குறைய வேண்டும். என் ஜூல் கணக்கில் தப்பில்லை. கிரேட் எவ்வளவு தூரம் ஏறியது என்று மட்டும் பார்த்தேன், எந்த உயரத்தில் ஏறியது என்று பார்க்கவில்லை. வருஷத்தில் நாலு நாள் வருகிற தண்ணீருக்காக மிச்ச 361 நாளும் அப்பா டயர் மேல் ஏற வேண்டும். வண்டியை வரைந்தேன், அதற்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்தி வரையவே இல்லை.

காலையில் சொன்னேன்: "வேணாம்பா." அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா" என்றார். அவருக்கு முன்னாடியே தெரியுமோ என்று இப்போதும் சந்தேகம்.

பதிலுக்கு என்ன செய்தோம்? மெக்கானிக் அண்ணன் அச்சின் பிரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, அதைத் தொட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினார். மூக்கை மட்டும் தூக்கினோம், உடம்பைத் தூக்கவில்லை. சில நூறு ரூபாய்தான் ஆனது. ஸ்டார்ட்டருக்கும் வீல் பேரிங்குக்கும் அது உதவாது. அதற்கு வண்டி அங்கே இல்லாமல் இருப்பது ஒன்றுதான் வழி. அதனால் வாசல் சுவரில் பழுப்புக் கோட்டுக்குக் கீழே, 6 இன்ச்சில், நான் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். தண்ணீர் அதைத் தொடுவதற்குள், அல்லது ஆரஞ்சு அலெர்ட் என்று நியூஸில் சொன்ன அன்றைக்கே, வண்டி மேட்டில் இருக்கிற அத்தை வீட்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். அத்தையிடம் ஏற்கனவே பேசியாச்சு. மாமா தன் பைக்கை உள்ளே ஏற்றிக்கொள்வார்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. நம்ம சென்னைப் புறநகரில் தூக்குவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ரோடு ஏறும், வீடு பள்ளமாகும். 2021-ல் தலைமைச் செயலாளரே பழைய தார்ப்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்குள் பல பேர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார்கள். அது வீட்டுக்கு பாடி லிஃப்ட்! தூக்க முடிந்தவர் வீட்டுக்கு வராத தண்ணீர், தூக்க முடியாத பக்கத்து வீட்டுக்குப் போகிறது. உயரமான வண்டி தெருத் தண்ணீரில் வேகமாகப் போனால் அந்த அலை யார் வீட்டுப் படியேறும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் தெருவுக்கு வராமல் கால்வாய் வழியாகப் போகணும் என்பதுதான் உண்மையான டிசைன் பிராப்ளம். அதை என் லேப்டாப்பில் தீர்க்க முடியாது. சிவில் நண்பர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு எங்கள் ஊருக்கு வாங்க, டீ என் செலவு.

2024 அக்டோபர் நடுவில் பெரிய மழை என்று அறிவித்தார்கள். டி.வி.யில் வேளச்சேரி மேம்பாலம் முழுக்கக் கார்களாக நின்றன. அவர்களும் வண்டியைத் தூக்கித்தான் வைத்திருக்கிறார்கள், வில்லை இல்லாமல். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து சாவியை எடுத்தார். நானும் கூடப் போனேன். அத்தை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, குடை பிடித்து ரெண்டு பேரும் நடந்தே வந்தோம்.

அந்தத் தடவை எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். சிவப்புக் கோட்டைக்கூடத் தொடவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அப்பா வாசலில் நின்று கோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போனா அரை லிட்டர் டீசல்மா. அவ்ளோதான?"

அம்மாவின் சீட்டுப் பணத்தில் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டினோம். சாலிட்வொர்க்ஸ் ஃபைல் இன்னும் லேப்டாப்பில் இருக்கிறது, அழிக்கவில்லை. போன வாரம் அதைத் திறந்து, வண்டியின் பின்பக்கம் 64 இன்ச் உயரத்தில் ஒரு ஆளை வரைந்து நிறுத்தினேன்.